கீழாநெல்லிப் பொடியை ஆய்வகத்தில் கொடுத்தால் என்ன தெரியும், என்ன தெரியாது?

உசிலம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கீழாநெல்லி வளர்த்து, நிழலில் காயவைத்துப் பொடியாக்கி விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு கல்லூரியில் கொடுத்துப் பார்த்ததில் 34 சேர்மங்கள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்த 34-இல் மஞ்சள் காமாலைக்கு வேலை செய்வது எது, பட்டியலை டப்பாவில் அச்சடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, ‘என்னுடையது நல்ல சரக்குதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது’ என்று, அதுதான் நிஜமான கேள்வி. நல்ல சரக்கா என்பதை ஆய்வகம் சொல்லும். நோய் தீருமா என்பதை ஆய்வகம் சொல்லாது. இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

நான் வேதியியல் படித்தவன். மதுரையில் மூலிகைச் சாறு எடுக்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் நீண்ட காலம் இருந்தேன். வந்து இறங்கும் மூட்டைகளைச் சோதித்து, எடுக்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்பது வேலை. வைத்தியன் இல்லை. அதனால் சரக்கைப் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். நோயைப் பற்றிச் சொல்வதைப் படித்தவன் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட். நீங்கள் போட்ட படத்தில் ஹெக்ஸாடெகனாயிக் அமிலம், பைட்டால், ஸ்குவாலீன், டைஎதில் தாலேட் என்று ஓடுகிறது. இது ஜிசி-எம்எஸ் என்ற கருவியின் ரிப்போர்ட். சாற்றில் ஒரு சொட்டை எடுத்து, முன்னூறு டிகிரியை நெருங்கும் சூட்டில் ஆவியாக்கி, மெல்லிய நீளக் குழாய் வழியாக அனுப்பி, வெளியே வரும் ஒவ்வொன்றையும் உடைத்து, அந்தத் துண்டுகளைக் கணினியில் இருக்கும் நூலகத்தோடு ஒப்பிட்டு ஒரு பெயர் சொல்லும். கருவி அருமையானதுதான். மதுரை மல்லியின் மணத்தில் லினலூல் எவ்வளவு, பென்சைல் அசிடேட் எவ்வளவு, இண்டோல் எவ்வளவு என்று பார்க்க இதைவிட நல்லது கிடையாது. ஓமம், துளசி, வெட்டிவேர் எண்ணெய்க்கும் அப்படியே. காரணம், மணம் என்பதே ஆவியாகிற பொருள். கீழாநெல்லியின் சரக்கு மணத்தில் இல்லை. அதன் டானின்களில் (துவர்ப்புப் பொருள்களில்) ஒன்றான ஜெரானினின் மூலக்கூறு எடை 952. அது ஆவியாகும் முன்பே சூட்டில் சிதைந்துவிடும், ரிப்போர்ட்டில் தலைகாட்டாது.

அப்படியானால் பட்டியலில் இருப்பவை என்ன? ஹெக்ஸாடெகனாயிக் அமிலம் என்பது பால்மிடிக் அமிலம். எந்த இலையிலும் இருக்கும், கடலை எண்ணெயிலும் இருக்கும். பைட்டால் என்பது பச்சையத்தின் வால் பகுதி. கறிவேப்பிலையைக் கொடுத்திருந்தாலும் வந்திருக்கும். மெத்தில் எஸ்டர் என்று முடியும் பெயர்களில் பல, சாறு எடுக்க ஊற்றிய மெத்தனால் செடியின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டானவையாக இருக்கலாம். டைஎதில் தாலேட் பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கும் ரசாயனம். சாறு வைத்த டப்பாவிலிருந்தோ, குழாயிலிருந்தோ, மெத்தனாலிலிருந்தோ வந்திருக்கும். பெயரில் சிலோக்சேன் என்று ஏதாவது தென்பட்டால் அது பெரும்பாலும் அந்தக் கருவியின் குழாய்ப் பூச்சு சூட்டில் சிதைந்து வந்தது. இவற்றுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் ‘புற்றுநோய் எதிர்ப்பு, அழற்சி எதிர்ப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அது உங்கள் பொடியில் சோதித்து எழுதியது இல்லை. சேர்மத்தின் பெயரைத் தரவுத்தளத்தில் தேடி, வந்ததை அப்படியே ஒட்டுவது இப்போது பல ஆய்வுக் கட்டுரைகளில் நடக்கிறது. தாலேட்டுக்குக்கூட மருத்துவக் குணம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அதில் ‘பரப்பு சதவீதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பொருளுக்கு 21 என்று போட்டிருந்தால் உங்கள் பொடியில் அது 21 சதவீதம் என்று பொருள் இல்லை. சாற்றில் ஆவியாகி வந்த பகுதிக்குள் அதன் பங்கு 21. அந்தச் சாறே பொடியின் எடையில் சிறு பகுதி. அதிலும் ஆவியாவது இன்னும் சிறு பகுதி. இதைச் சதவீதமாக டப்பாவில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். கூடவே ஆல்கலாய்டு, டானின், சப்போனின் என்று பிளஸ் குறி போட்ட பக்கம் ஒன்று இருக்குமே, அதையும் ஒதுக்கி வையுங்கள். ஃபெரிக் குளோரைடு விட்டால் கறுக்கிறது, குலுக்கினால் நுரைக்கிறது என்ற அளவில் செய்யும் சோதனைகள் அவை. மாணவர்கள் கை பழகுவதற்கு நல்லது. பெரும்பாலான பச்சை இலைகள் அதில் தேறிவிடும்.

சரி, கீழாநெல்லியில் எதைத் தேட வேண்டும்? தண்ணீரில் கரையாதவை ஒரு கூட்டம், கரைபவை ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் லிக்னான்கள். அதில் முக்கியமானவை ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு. 1946-இல் கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்ரியும் இவற்றைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். எல்லாம் நம் நாட்டு வேலைதான். இரண்டாவது கூட்டம் ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்களும், ரூட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும். தர ஆய்வகங்கள் பெரும்பாலும் முதல் கூட்டத்தைத்தான் அளக்கின்றன. அதற்குக் காரணம் அவைதான் நோயைத் தீர்க்கின்றன என்று நிரூபணமானது இல்லை. அவை இந்தச் செடிக்கு நல்ல அடையாளம், ஓரளவு கெடாமல் நிற்கும், அளப்பதும் எளிது. ஆதார் அட்டையைப் பார்த்து ஆள் இன்னார் என்று சொல்லலாம், அவர் நல்ல வேலைக்காரரா என்று சொல்ல முடியாது. ஃபில்லாந்தின் எண்ணும் அப்படித்தான்.

அடையாளம் எதற்கு, நானே வளர்க்கிறேனே என்று நீங்கள் கேட்கலாம். விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வரப்பிலும் தோப்பிலும் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு தானாக முளைப்பதில் நாலைந்து இனம் கலந்தே நிற்கும். நமக்கு வேண்டியது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பூவில் இதழ் போன்ற உறுப்புகள் 5. டெபிலிஸ், ஃபிரேட்டர்னஸ் என்ற இரண்டிலும் 6. பூ கடுகளவுதான், இதழ்களை வெறும் கண்ணால் எண்ண முடியாது, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்டில் சிவப்பு ஓடி, காய் சொரசொரவென்று இருந்தால் அது யூரினேரியா. மேலாநெல்லி என்று நம் ஊரில் சொல்வது மதராஸ்படென்சிஸ், தனி இனம். பழைய புத்தகங்களில் கீழாநெல்லிக்கு நிரூரி என்று போட்டிருப்பார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. உங்கள் லேபிளில் அந்தப் பெயர் வேண்டாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கி இனம் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிக் கடைகளில் அமாரஸ்தான் இருந்தது, மீதியில் வேறு ஐந்து இனங்கள். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கட்டுக் கட்டாகத் தொங்குவதைப் பார்த்து நான் நினைத்ததைவிட இது பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் நான்கில் ஒரு கடை என்பது சின்ன விஷயம் இல்லை. ஃபிரேட்டர்னஸ் கலந்தால் ஃபில்லாந்தின் எண் சட்டென்று இறங்கிவிடும்.

ஆகவே அடுத்த முறை ஆய்வகத்தில் ‘என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் எவ்வளவு என்று எச்பிஎல்சி முறையில் அளந்து, உலர் எடைக்குச் சதவீதமாகத் தனித்தனியே கொடுங்கள்’ என்று கேளுங்கள். தனித்தனியே என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வெளிவரும், முறை சரியில்லாவிட்டால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, அழுத்தத்தில் குழாய் வழியே செலுத்தி, 230 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் சுத்தமான ஃபில்லாந்தின் இருக்க வேண்டும். இருக்கிறதா, சான்றிதழ் காட்டுவீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. அது இல்லாமல் எண் கொடுக்கும் ஆய்வகத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நம் பக்கத்தில் எல்லா இடத்திலும் இந்த வசதி இருக்காது. எச்பிடிஎல்சி என்ற தகட்டு முறை செலவு குறைவு. உங்கள் சாற்றையும் சுத்தமான ஃபில்லாந்தினையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்துத் தருவார்கள். இனத்தைச் சரிபார்க்க அது பெரிதும் உதவும்.

வரும் எண்ணை எப்படிப் படிப்பது? லக்னோவில் உள்ள மூலிகை ஆராய்ச்சி நிறுவனமான சிமாப் தேர்ந்தெடுத்து வெளியிட்ட சிம்-ஜீவன் ரகத்தில் ஃபில்லாந்தின் 0.70 முதல் 0.77 சதவீதம், ஹைப்போஃபில்லாந்தின் 0.32 முதல் 0.37 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. அது இதற்கென்றே பொறுக்கி எடுத்த ரகம். தானாக முளைத்த செடியில் அதில் பாதி வந்தாலே நான் முகம் சுளிக்க மாட்டேன். 0.4 சதவீதம் என்றால் 3 கிராம் பொடியில் 12 மில்லிகிராம். கணக்கு அவ்வளவுதான். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இனம் மாறியிருக்கிறது, அல்லது இலை இல்லாமல் வெறும் தண்டைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தத் தண்டு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. லிக்னான் அநேகமாக முழுக்க இலையில் இருக்கிறது, தண்டில் சொற்பம், வேரில் அதைவிடச் சொற்பம். கீழாநெல்லி காயக் காய இலை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் கடைசியில் கையில் இருப்பது குச்சி, தரையில் கிடப்பது சரக்கு. அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே சுத்தமான துணி விரித்துக் காயவையுங்கள், உதிர்ந்ததை அள்ளிச் சேருங்கள். சாக்கில் கட்டி வைத்தாலும் இலைத்தூள் அடியில் இறங்கிவிடும். மேலிருந்து ஒரு பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஓர் எண், அடியிலிருந்து அனுப்பினால் வேறோர் எண். இரண்டுமே உங்கள் சரக்கின் எண் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, சலித்து, தார்ப்பாயில் குவித்துத் தட்டையாக்கி, நான்காகக் கோடு போட்டு எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்து மறுபடியும் கலந்து நான்காக்குங்கள். கால் கிலோ வரும்வரை இப்படியே குறைத்து, அதை அனுப்புங்கள். கருவி எத்தனை லட்சம் ரூபாய் என்பது பெரிதில்லை, மாதிரி எடுத்த கை சரியாக இருந்தால்தான் எண் சரியாக இருக்கும்.

நல்ல பொருள் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் கெட்ட பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். இது தரையோடு தரையாக வளரும் செடி, மண் ஒட்டாமல் வராது. அமிலத்தில் கரையாத சாம்பல் என்ற சோதனை, பொடியில் எவ்வளவு மணல் என்று காட்டிக்கொடுத்துவிடும். பிடுங்கியதும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் பாதி சரியாகிவிடும். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கையும் பாருங்கள். மூலிகைக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு ஈயத்துக்கு 10 பிபிஎம், காட்மியத்துக்கு 0.3, ஆர்சனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1. பிபிஎம் என்பது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். நெடுஞ்சாலை ஓரத்துச் செடியும் சாக்கடைத் தண்ணீர் பாயும் வயலின் செடியும் எனக்கு வேண்டவே வேண்டாம். தோப்பில் தென்னைக்கு ஏதாவது பூச்சிமருந்து கொடுத்திருந்தால் அதன் பெயரைச் சொல்லி அதையும் சோதிக்கச் சொல்லுங்கள், பெயர் தெரியாமல் தேடுவது செலவு. அடைமழையில் காயவைத்ததாக இருந்தால் ஈரப்பதமும் பூஞ்சையும் கட்டாயம். இந்தச் சோதனைகளில் தேறிய பொடிதான் விற்கத் தகுந்த பொடி. ஃபில்லாந்தின் அப்புறம்.

இனி மஞ்சள் காமாலை. இங்கே நான் நிற்கும் தரை அவ்வளவு கெட்டி இல்லை. 1985-இல் வந்த ஆய்வில், கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து நஞ்சூட்டிய எலிக் கல்லீரல் செல்களை இந்த இரண்டு லிக்னான்களும் பாதுகாத்தன. அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் இந்தச் செடியில் ஆர்வம் காட்டினார். 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு அப்போது பெரிய பரபரப்பு. கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு இந்த அளவு பலன் கிடைக்கவில்லை. 2011-இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. இனம் மாறியதா, நிலம் மாறியதா, முதல் ஆய்விலேயே ஏதாவதா என்று ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இதை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துக் காமாலை இறங்கியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். ஆனால் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், அந்தப் பெருமை அந்த நேரத்தில் குடித்ததற்குப் போய்விடும். பித்தப்பைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கட்டி அடைத்தாலும் ஆகும். அதற்கு இலையை அரைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் ஆபத்து. உங்களிடம் பொடி கேட்டு வருகிறவர் காமாலைக்கு என்று சொன்னால் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தராதீர்கள்.

விழுதாக அரைப்பதற்கும் கஷாயம் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டா என்றும் நடுவில் கேட்டிருந்தீர்கள். வேதியியல்படி நிச்சயம் உண்டு. ஃபில்லாந்தின் தண்ணீரில் கரையாத ஜாதி, கஷாயத்தில் சொற்பம்தான் இறங்கும். இறங்குவது டானின். அதையும் கொதிக்கக் கொதிக்க விட்டால் ஜெரானின் உடைந்து கோரிலாஜினாகவும் எல்லாஜிக் அமிலமாகவும் காலிக் அமிலமாகவும் மாறும். விழுதாகவோ பொடியாகவோ விழுங்கினால் செடி முழுக்க உள்ளே போகிறது. மோரிலும் பாலிலும் உள்ள கொழுப்பு லிக்னானைக் குடல் உறிஞ்ச உதவும் என்று சொல்வது கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. என் ஊகம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

டப்பாவில் என்ன போடலாம்? தாவரப் பெயர், எந்தப் பகுதி, அறுத்த மாதம், அரைத்த தேதி, பேட்ச் எண். ஃபில்லாந்தின் அளந்திருந்தால் அந்த எண்ணும், அளந்த முறையும். அந்த 34 பெயர்கள் வேண்டாம். நோய் தீரும் என்று எழுதினால், வாயால் சொல்லி விற்றாலும்கூட, சட்டத்தின் பார்வையில் அது மருந்து. 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி சித்த மருந்து தயாரிப்பு உரிமம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. உரிமம் எடுப்பது உங்கள் அளவுக்குப் பெரிய வேலையாகத் தெரிந்தால், உரிமம் உள்ள தயாரிப்பாளருக்கு மூலப்பொருளாக விற்கும் வழி இருக்கிறது. ஃபில்லாந்தின் எண்ணும் உலோகச் சோதனையும் கையில் இருந்தால் விலை பேசும்போது உங்கள் குரல் கொஞ்சம் உயரும்.

பூத்த செடியின் கிளையை அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி, லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். 5-ஆ 6-ஆ என்று பார்த்துவிடலாம். ஆய்வகத்துக்குக் காசு கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.